இடது காதின் பங்கு

உலகத்தின் தென்கோடியில் இருக்கும் புன்தா அரேனாஸ் நகரச் சதுக்கத்தின் மூலையில் உயரமான ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. தினமும் காலையில் அன்றைய வெயிலுக்கேற்ப அதில் ஒரு நிறத் தகடு ஏறும். பச்சை ஏறினால் பயமில்லை, இஷ்டம்போல் திரியலாம். மஞ்சளுக்குத் தொப்பி வேண்டும். ஆரஞ்சுக்கு அரைமணி நேரம், சிவப்புக்குக் கால்மணி நேரம். ஊதா ஏறிவிட்டால் ஐந்தே நிமிடம்தான், அதற்குள் வீட்டுக்குள் போய்விட வேண்டும். ஊதா நாளில் சதுக்கத்தில் நாய்கூடப் படுக்காது. ஒரே ஓர் ஆள் மட்டும் காலை எட்டிலிருந்து மாலை நாலுவரை கம்பத்தடியில் நின்றுகொண்டிருப்பார். பெயர் பால்டோவினோ கார்கமோ. யாரும் வெளியே நிற்காதீர்கள் என்று ஊருக்கு அறிவிப்பதுதான் அவருடைய வேலை.

தகட்டை ஏற்றிவிட்டு அவரும் உள்ளே போகலாமே என்று கேட்பவர்களுக்கு அந்த ஊர்க் காற்றைப் பற்றித் தெரியாது. வசந்த காலத்தில் தெருவோரம் கயிறு கட்டி வைத்திருப்பார்கள்; அதைப் பிடித்துக்கொண்டுதான் ஜனங்கள் நடப்பார்கள். முதல் வருஷம் ஒரு மஞ்சள் தகடு பிய்த்துக்கொண்டு பறந்துபோய் மீன்கடைக் கண்ணாடியை உடைத்தது. உடனே வான் காப்பு ஆணையம் கூடி, தகடு ஏறியிருக்கும் நேரம் முழுவதும் அதன் கயிற்றை ஒரு நபர் கையில் பிடித்திருக்க வேண்டும் என்று விதி சேர்த்தது. கம்பத்தில் ஒரு கொக்கி அடித்துக் கயிற்றைக் கட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கொக்கிக்குத் தலைநகரத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும். ஆளுக்கு வேண்டாம்.

இன்னொரு விதியும் உண்டு. ஆணையத்தின் கூரையில் வெயிலை அளக்கும் கருவி இருக்கிறது. அது காட்டும் எண்ணைக் குமாஸ்தா ஜன்னல் வழியாகக் கத்துவான். அதற்கேற்ப பால்டோவினோ தகட்டை மாற்ற வேண்டும். கத்துவது கேட்க வேண்டும் என்பதற்காக, பணி நேரத்தில் காதை மூடக் கூடாது என்கிறது பதினான்காம் விதி. ஆகவே பல் கிட்டிப்போகும் குளிரிலும் அவர் தன் கம்பளிக் குல்லாயைக் காதுக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு நிற்பார். முகம் கிழக்கே ஆணையக் கட்டடத்தைப் பார்த்திருக்கும். அந்த நாட்டில் சூரியன் வடக்கு வானத்தில் போகும். அவருடைய இடது காது ஆறு வசந்தமாக அதற்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது.

காதின் நுனியில் மிளகு அளவில் ஒரு புண் வந்தது. காய்ந்தது, உதிர்ந்தது, மறுபடி வந்தது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. அவர் மனைவி எடெல்மிராதான் பிடித்துக்கொண்டாள்.

“யோவ் கிழவா, தலையணையில மறுபடியும் ரத்தம். அந்தக் காத ஒரு டாக்டர்கிட்ட காட்டினா என்ன, குறைஞ்சா போயிடுவ?”

“பனி கடிச்சிருக்கும். நாள் பூரா காத்துல நிக்கிறேன்ல.”

“பனி கடிச்சா ரெண்டு காதையும் கடிக்கும். இது என்ன ஆள் பாத்து, பக்கம் பாத்துக் கடிக்குது?”

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

“இது பனி இல்ல, வெயில் பண்ணின வேலை. புத்துநோய். இப்பவே வெட்டினா ஒரு பொட்டளவு போகும், அவ்வளவுதான். விட்டா காதோட போகும். அதையும் விட்டா கழுத்துக்கு இறங்கிடும்.”

“வெட்டிடுங்களேன்.”

“இங்க அதுக்கு ஆள் இல்ல. தலைநகரத்துக்குத்தான் போகணும். சாதாரணமாப் பேர் குடுத்தா ஒன்றரை வருஷம் ஆகும். உங்க ஆபீஸ்ல ‘வேலையால வந்த வெயில் புண்’ணு ஒரு சீட்டு குடுத்தாங்கன்னா அடுத்த வார விமானத்துலயே ஏத்திடலாம். அந்தச் சீட்டை மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க.”

வெயிலிலிருந்து ஜனங்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஏற்பட்ட ஆபீஸ். ஒரு சீட்டுக்கா பஞ்சம் என்று பால்டோவினோ கிளம்பிப் போனார்.

ஆணையத்தின் இயக்குநர் தோன் அனிபால் உர்சுவா தலைநகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அறையில் கனத்த திரைகள் போட்டு, விளக்கை எரியவிட்டு, அகலமான தொப்பியோடுதான் உட்கார்ந்திருப்பார். அவர் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு ஓர் அறிவிப்பு தொங்கியது: ‘ஒன்பது ஆண்டுகளில் வெயிலால் பாதிக்கப்பட்ட பணியாளர் எண்ணிக்கை: பூஜ்யம்.’

“வெயிலா?” என்றார் தோன் அனிபால். “இன்னிக்கு என்ன தேதி கார்கமோ?”

“அக்டோபர் மூணுங்க.”

“வெயில் எப்ப ஆரம்பிக்குது?”

பால்டோவினோ யோசித்தார். “இன்னிக்குக் காலையில ஆறரைக்குங்க.”

“டிசம்பர் ஒண்ணாந்தேதி,” என்று தோன் அனிபால் விதிப்புத்தகத்தைத் தட்டினார். “டிசம்பர் ஒண்ணுலேர்ந்து மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் வெயில் பருவம். மத்த நாள்ல வர்ற புண்ணெல்லாம் பனிப் புண்.”

அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் தலைநகரத்துக்காரர்கள். அங்கே கோடையில்தான் வெயில் சுடும். இந்த ஊரில் கோடை சும்மா வந்துவிட்டுப் போகும், ஆபத்து வசந்தத்தில்தான். அப்போதுதான் ஓசோன் ஓட்டை தென்முனையிலிருந்து நகர்ந்து வந்து ஊருக்கு மேலே இரண்டு நாள், மூன்று நாள் என்று நிற்கும். குளிர் நடுக்கும், வெயில் உறைக்கவே உறைக்காது, ஆனால் சாயங்காலம் முகம் வெந்த நண்டாகச் சிவந்திருக்கும். இது ஊரில் மீன் விற்கிற பெண்ணுக்குத் தெரியும், புத்தகத்துக்குத் தெரியாது.

“அப்ப அக்டோபர்ல நான் ஏத்துற ஊதாத் தகடு எதுக்குங்க?”

“அது எச்சரிக்கைப்பா. வெயில் வேற, எச்சரிக்கை வேற. எச்சரிக்கிறது நம்ம பொறுப்பு. வெயில் அடிக்கிறது நம்ம இலாகாவே இல்ல.” தோன் அனிபால் இன்னொரு பதிவேட்டைப் புரட்டினார். “இன்னொண்ணு. நீ இதுல பணியாளர் பட்டியல்லயே இல்ல. தகடு, கயிறு, கம்பம், ஆள்னு உபகரணப் பட்டியல்ல இருக்க. உபகரணத்துக்கு நோய் வராது கார்கமோ. வந்தா அதுக்குப் பேரு தேய்மானம்.”

பால்டோவினோவுக்குக் கோபம் வரவில்லை. படித்தவர் சொல்கிறார், நமக்குத்தான் விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கீழே கிடங்குக்குப் போனார். சீட்டு இல்லாவிட்டால் வெயில் க்ரீமாவது கிடைக்குமா என்று கிடங்குக்காரன் எக்தோரிடம் கேட்டார். எக்தோர் பழைய ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினான். அடுக்கடுக்காகக் குழாய்கள்.

“டிசம்பர் ஒண்ணுல வா அண்ணே. எல்லாருக்கும் பங்கு பிரிச்சு வெச்சிருக்கு. முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு, ரெண்டு கைக்கு, ரெண்டு காதுக்கு. ஒரு கிராம் முன்னப்பின்ன ஆச்சுன்னா என் சீட்டக் கிழிச்சிடுவாங்க.”

டாக்டர் விடவில்லை, ஆணையத்துக்கு இரண்டு கடிதம் எழுதினாள். பதில் எழுதியாக வேண்டுமே என்று மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். குழு பால்டோவினோவை நாற்காலியில் உட்கார வைத்து, ஊருக்கு விநியோகிக்கும் ஐந்து நிற அட்டையைக் காதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தது. ஒருவர் சிவப்பு என்றார். ஒருவர் ஆரஞ்சு என்றார். மூன்றாமவர் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அப்படி ஒரு நிறம் அட்டையில் அச்சிடப்படவில்லை என்றார். காது அட்டைக்குப் பொருந்தாததால், டிசம்பர்வரை காதைக் கவனித்துவர வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. யார் கவனிப்பது என்ற இடத்தில் ‘உரிமையாளர்’ என்று எழுதினார்கள்.

இதற்கிடையில் ஓசோன் தினம் வந்தது. அது செப்டம்பர் பதினாறில் வர வேண்டியது. அன்றைக்குப் பனி கொட்டியதாலும், தலைநகரத்திலிருந்து துணை அமைச்சர் வரத் தோதுப்படாததாலும், அந்த வருஷத்து ஓசோன் தினத்தை ஆணையம் அக்டோபர் இருபத்துநாலுக்குத் தள்ளிவைத்திருந்தது. ஓட்டைக்கும் அந்தத் தேதி தோதாக இருந்தது. இருபத்துமூன்றாம் தேதி அது ஊருக்கு மேலே வந்து நின்றது.

அன்று மதியம் தோன் அனிபால் பால்டோவினோவை மேலே கூப்பிட்டார். அவராகவே நாற்காலி காட்டினார்.

“நாளைக்குத் துணை அமைச்சர் நாப்பது நிமிஷம் பேசறார். ஊதா ஏறினா அஞ்சு நிமிஷத்துக்கு மேல அவரை வெளியில நிறுத்தக் கூடாது. விதி. நான் விதிய மீறுறவன் இல்ல. அதனால நாளைக்குக் கம்பத்துல பச்சை.”

“எண்ணு என்ன வந்தாலுமாங்க?”

“எண்ணு கூரையில இருக்கட்டும், பச்சை கம்பத்துல இருக்கட்டும். ரெண்டும் அதது பாட்டுக்கு வேலையச் செய்யட்டும்.” தோன் அனிபால் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். வேலையால் வந்த வெயில் புண் என்று தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. “கூட்டம் முடியட்டும். போட்டுத் தர்றேன்.”

பால்டோவினோ வீட்டுக்கு வந்து மாத்தே இலைத் தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உறிஞ்சாமலே உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எடெல்மிரா கொஞ்சமும் தயங்கவில்லை.

“பச்சையத் தொங்கவிடு. சீட்ட வாங்கு. விமானம் ஏறு.”

“பள்ளிக்கூடப் பிள்ளைங்கள கூட்டிட்டு வராங்களாம் எடெல். நூத்தி நாப்பது பேரு.”

“அதுங்களுக்கு அம்மா அப்பா இருக்காங்க. உனக்கு நான்தான் இருக்கேன். எனக்கு உன் காது வேணும், உன் கழுத்து வேணும். நியாயம் பேசறதா இருந்தா எழுந்து அந்தாண்ட போய்ப் பேசு.”

மறுநாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு மேகம் இல்லை. ஆறு டிகிரி குளிர். ஆறு மாதக் குளிர்காலத்துக்குப் பிறகு வந்த வெயில், அதோடு பச்சைத் தகடு வேறு; ஊரே சிரித்துக்கொண்டு வெளியே வந்தது. மேடைக்கு மட்டும் கித்தான் கூரை போட்டிருந்தார்கள். பிள்ளைகளை மிலென்கா டீச்சர் வரிசையாக நிறுத்தினாள். புகைப்படத்தில் முகம் தெரியாது என்று ஆணையத்துப் புகைப்படக்காரர் குல்லாய்களையும் தொப்பிகளையும் கழற்றச் சொல்லிவிட்டார். குமாஸ்தா எண்ணைக் கத்தவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டான். பால்டோவினோவுக்கு எண் தேவைப்படவில்லை. காது சுரீர் சுரீர் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

துணை அமைச்சர் எழுந்தார்.

“அன்பார்ந்த குழந்தைகளே! இந்த ஓட்டையை நாம் செய்யவில்லை. வடக்கே பெரிய பெரிய நாடுகளில் ஃப்ரிட்ஜிலும், அறைக் குளிரூட்டியிலும், தலைமுடிக்கு அடிக்கும் தெளிப்பானிலும் ஒரு வாயுவை அடைத்து வைத்தார்கள். அது கசிந்து மேலே போயிற்று. ஐம்பது வருஷம் ஆனாலும் அது சாகாது. நம் தென்முனையின் கடுங்குளிரில் வந்து ஓசோனைத் தின்கிறது. ஆனால் ஒன்று சொல்வேன். வாயு அவர்களுடையதாக இருக்கலாம், ஓட்டை நம்முடையது! உலகத்தில் வேறு எந்த ஊருக்காவது இத்தனை பெரிய ஓட்டை உண்டா? முன்பெல்லாம் இந்த ஊருக்கு எந்த அமைச்சர் வந்தார்? இன்று நான் வந்திருக்கிறேன். ஓட்டை மூடிவிட்டால் இந்த ஆணையம் என்ன ஆகும், இத்தனை பேர் எங்கே போவார்கள் என்பதையும் நாம் பொறுப்போடு யோசிக்க வேண்டும்.”

மேடையிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். தோன் அனிபால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேச்சுக்கு நடுவிலேயே எதிரியை ஒழிக்கும் சடங்கு. கிடங்கிலிருந்த அந்தப் பழைய ஃப்ரிட்ஜை ரிப்பன் கட்டி மேடையில் ஏற்றியிருந்தார்கள். தோன் அனிபால் அதன் பின்புறத்துச் செப்புக் குழாயில் உளியை வைத்துப் பிடித்துக்கொள்ள, துணை அமைச்சர் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டார். குழாய் பிளந்தது. உஸ்ஸென்று ஒரு சீறல் கேட்டது.

“எதிரி ஒழிந்தான்!” என்றார் தோன் அனிபால். எல்லோரும் கை தட்டினார்கள். எதிரி குழாயிலிருந்து விடுபட்டு நிம்மதியாக மேலே போய்க்கொண்டிருந்தான்.

அந்தச் சீறல் பால்டோவினோவுக்குப் பழக்கமானது. இந்த வேலைக்கு வருமுன் இருபது வருஷம் அவர் ஊரின் கறிக்கடைகளுக்கும் மீன்கடைகளுக்கும் ஃப்ரிட்ஜ் பழுதுபார்த்தவர். புது வாயு ஏற்றுவதற்கு முன் பழையதை இப்படித்தான் திறந்துவிடுவார். கையில் ஜில்லென்று படும், சுகமாக இருக்கும். தப்பு என்று அப்போது யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, தான் திறந்துவிட்டதும் மேலே எங்கோதான் இருக்கிறது என்று நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். அவரைப் போலவே கிழக்கே பார்த்து நின்றார்கள். வரிசை வரிசையாக நூற்று நாற்பது இடது காதுகள், எல்லாம் வடக்கு வெயிலில். முன்வரிசையில் ஒரு பெண் தன் காதைச் சொறிந்தாள். துணை அமைச்சர் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார். இருபத்திரண்டாவது நிமிடம். இன்னும் பதினெட்டு நிமிடம் போனால் சீட்டு.

பால்டோவினோ கயிற்றைத் தளர்த்தினார். பச்சை இறங்கியது. ஊதாவை ஏற்றினார்.

மேடையில் யாரும் பார்க்கவில்லை. மிலென்கா டீச்சர் பார்த்துவிட்டாள்.

“அய்யோ, ஊதா! ஓடுங்க, எல்லாரும் உள்ள ஓடுங்க! கயித்தப் பிடிச்சுக்கிட்டு ஓடு! தொப்பி கெடக்கட்டும்டா, ஓடு!”

ஒரு நிமிடத்தில் பிள்ளைகள் போய்விட்டார்கள், பின்னாலேயே ஊரும் போய்விட்டது. நிகழ்ச்சி நிரலில் நாற்பது நிமிடம் என்று அச்சாகிவிட்டதால் துணை அமைச்சர் மீதிப் பேச்சைக் காலிச் சதுக்கத்துக்குப் பேசினார். பிறகு தேசிய கீதம் பாடினார்கள். தோன் அனிபால் சீட்டைக் கிழிக்கவில்லை. ‘வழங்கப்படாதவை’ என்ற கோப்பில் முறைப்படி சேர்த்துவிட்டார்.

எடெல்மிரா அன்று சோறு போடவில்லை. அவள் அழுததைத் தெருவே கேட்டது.

விசாரணை நடந்தது. மறுநாள் பதிமூன்று பிள்ளைகளுக்குக் காதிலும் மூக்கிலும் கொப்புளம் வந்திருந்தது உண்மைதான் என்று குழு ஒப்புக்கொண்டது. ஆனால் பச்சைத் தகட்டின் கீழ் இருபத்திரண்டு நிமிடம் நின்றபோது எந்தப் பிள்ளையும் புகார் செய்யவில்லை. ஊதா ஏறிய பிறகே ஓட்டமும் அலறலும் ஏற்பட்டன. ஆகவே கொப்புளங்களுக்குக் காரணம் காற்றை எதிர்த்து வேகமாக ஓடியதும், ஓடக் காரணம் ஊதாவும் ஆகும். மக்களைக் காக்கும் பொருட்டு ஊதா நிறத்தை உடனடியாக நீக்க வேண்டும். பால்டோவினோவை வேலையிலிருந்து நீக்கலாமா என்றும் ஆராய்ந்தார்கள். உபகரணத்தை நீக்கத் தலைநகரத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதால் அவர் தப்பித்தார்.

“தகட்ட வீணாக்க வேண்டாம்,” என்றார் தோன் அனிபால். “கிடங்குல பச்சைப் பெயின்ட் இருக்கு. கார்கமோவையே அடிக்கச் சொல்லு. ரெண்டு கோட்டு.”

பால்டோவினோ சதுக்கத்தில் உட்கார்ந்து ஊதாத் தகட்டுக்குப் பச்சை அடித்தார். ஒரு கோட்டுதான் அடித்தார்.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு மருத்துவக் கப்பல் நான்கு நாள் துறைமுகத்தில் நின்றது. டாக்டர் கெஞ்சிக் கூத்தாடி அவர் பெயரைச் சேர்த்துவிட்டாள். பொட்டளவு என்பதெல்லாம் எப்போதோ தாண்டிப்போயிருந்தது. காதை முழுக்க எடுத்தார்கள். கழுத்தில் இரண்டு கட்டிகள் இருந்தன, அவற்றைத் தொடவில்லை. டாக்டர் எடெல்மிராவைத் தனியாக வெளியே கூப்பிட்டுப் பேசினாள். எடெல்மிரா திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“அந்தப் பிள்ளைங்க எப்படி இருக்கு?” என்று கேட்டார் பால்டோவினோ.

“பதிமூணுக்கும் ஆறிடுச்சு. மிலென்கா வந்து சொன்னா. மத்ததுங்க எல்லாம் கல்லு மாதிரி இருக்கு.”

“கோவமா இருக்கியா?”

“இருக்கேன். நான் சாகற வரைக்கும் இருப்பேன். முட்டாக் கிழவா.” அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

டிசம்பர் ஒன்றாம் தேதி மழைத் தூறலும் மேகமுமாக விடிந்தது. ஓட்டை எப்போதோ தெற்கே போய்விட்டிருந்தது. தோன் அனிபால் குடையின் கீழ் நின்று, இன்று முதல் வெயில் தொடங்குகிறது, பூஜ்யம் பத்தாவது ஆண்டில் நுழைகிறது என்று அறிவித்தார். கிடங்கு வாசலில் வரிசை நின்றது. தலையில் கட்டுப்போட்ட பால்டோவினோ போய் நின்றதும் எக்தோர் பதிவேட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி பதிவேட்டைப் பார்த்தான்.

“தப்பா நெனச்சுக்காத அண்ணே. முகம் இருக்கு, கழுத்து இருக்கு, ரெண்டு கை இருக்கு. காது ஒண்ணுதான் இருக்கு.”

“ஆமா, ஒண்ணுதான்.”

எக்தோர் குழாயின் மூடியைத் திருகி, சின்னத் தராசில் ஒரு காதின் பங்கைப் பிதுக்கி நிறுத்து, ‘மீதம்’ என்று எழுதிய புட்டியில் வழித்துப் போட்டான். பிறகு குழாயைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

பால்டோவினோ கம்பத்தடிக்கு வந்தார். இரண்டு பச்சைத் தகடுகளில் புதிதாக அடித்ததை எடுத்து ஏற்றினார். ஓரங்களில் ஊதா எட்டிப் பார்த்தது. ஓட்டை திரும்பி வர ஒன்பது மாதம் இருந்தது. டாக்டர் எடெல்மிராவிடம் ஆறு மாதம் என்று சொல்லியிருந்தாள்.

கயிற்றைக் காலில் மிதித்துக்கொண்டு, தலைக்கட்டை அவிழ்த்து, குழாயைத் திறந்தார். காது இருந்த இடத்தில் புதுத்தோல் மெல்லிசாக, பிறந்த குழந்தையின் தோலைப் போல இருந்தது. அங்கேதான் முதலில் பூசினார். அது போதாது என்று தோன்றவே மறுபடியும் பூசினார்.

“யோவ் அண்ணே!” என்று கிடங்கு ஜன்னலிலிருந்து எக்தோர் பதறிப்போய்க் கத்தினான். “அந்த இடத்துக்குப் பங்கு கெடையாதுய்யா! அங்க பூசாத!”

பால்டோவினோவுக்கு இப்போது அந்தப் பக்கம் சரியாகக் கேட்பதில்லை. குழாய் தீரும்வரை அங்கேயே பூசிக்கொண்டிருந்தார்.